எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது?

சின்ன விமானத்தில் எஞ்சின் நின்னு போனா கல்லு மாதிரி விழுந்துடும்னுதான் பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானம், எஞ்சின் இல்லாமலே தன் உயரத்தைப் போல் சுமார் 9 மடங்கு தூரம் சறுக்கிப் போகும். 3000 அடி உயரம் என்றால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். எதிர்க்காற்று அடித்தால் குறையும். அந்த எல்லைக்குள்தான் இடம் தேட வேண்டும்.

ரோடுதான் நல்லதுன்னு தோணும். ஆனால் அங்கே வண்டிகள் போகும், மின்கம்பிகளும் இருக்கும். கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத்தான் தேடணும். என்னைக் கேட்டால் திறந்த வயலே மேல். உழுத நிலமானால் சால் ஓடும் போக்கிலேயே இறங்கணும். குறுக்கே இறங்கினா சக்கரம் மாட்டி விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடலாம்.

காற்றை எதிர்த்து இறங்குவது ஏன் தெரியுமா? தரையைத் தொடும் வேகம் குறையும். வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் கால் பங்காகிவிடும். (நம்ம இயற்பியல் பாடம்தான்!)

ஆபத்தான நேரம், கிளம்பிய உடனே எஞ்சின் நிற்பது. ஓடுதளத்துக்கே திரும்பிடலாம்னு ஆசை வரும். உயரம் போதாது. திரும்பும்போது வேகம் குறைந்தால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். அதனால் முன்னால் தெரியும் இடத்திலேயே இறங்கச் சொல்லித்தருகிறார்கள்.

2015-இல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, அமெரிக்காவின் சான்டா மோனிகாவில் பழைய பயிற்சி விமானத்தில் கிளம்பியதும் எஞ்சின் நின்றது. திரும்பப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். பலத்த காயம், ஆனால் பிழைத்துக்கொண்டார். மைதானத்தில் இருந்த யாருக்கும் அடிபடவில்லை.