தசை வளர்க்கும் டப்பா வாங்கும் முன்

'ஸ்டீராய்டு இல்லை, ஆனால் அதே பலன்' என்று ஜிம்மில் யாராவது ஒரு பாட்டிலை நீட்டினால், முதலில் உள்ளே இருக்கும் பொருளின் பெயரைப் படியுங்கள். ஆஸ்டரின், லிகாண்ட்ரால் என்று இருந்தால் அது சத்துப் பொருள் அல்ல. 'சார்ம்ஸ்' என்ற வகையைச் சேர்ந்த சோதனைநிலை மருந்து. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை அங்கீகரிக்கவில்லை. கல்லீரல் பாதிப்பு, மாரடைப்பு அபாயம் என்று 2017-ல் எச்சரிக்கையும் விடுத்தது. அதே ஆண்டு வெளியான ஆய்வில், சார்ம்ஸ் என்று இணையத்தில் விற்ற 44 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதியில்தான் அது இருந்தது. சிலவற்றில் எந்த மருந்துமே இல்லை. ஒருவகையில் அவற்றை வாங்கியவர்கள்தான் தப்பித்தார்கள்! போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இது இருக்கிறது.

டப்பாவில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று இருந்தால் கேளுங்கள்: எலியிலா, மனிதரிலா? எத்தனை பேர், எத்தனை வாரம்? ஒப்பிட வெற்று மாத்திரை கொடுத்தார்களா? ஆய்வுக்குப் பணம் தந்தது யார்? பொருள்களின் அளவைச் சொல்லாமல் 'எங்கள் தனிக்கலவை' என்று மறைத்தால் வாங்காதீர்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது விற்பதற்கான உரிமம்தான், தசை வளரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வலுவான சான்று உள்ளவற்றில் ஒன்று, நெடுநாளாகப் பயன்பாட்டில் இருக்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற சத்துப் பொருள். எடைப் பயிற்சியோடு தினமும் 3 முதல் 5 கிராம் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.