ஓவியப் போட்டிக்கு அனுப்பும் முன் அந்த விதிமுறைத் தாளைப் படிச்சீங்களா? கட்டணம், உரிமை, வரி: ஒரு ஆடிட்டரின் கணக்கு



எஸ்.ஐ.பி., பி.எஃப்., ஹோம் லோன்னு பேசுற இடத்துல இன்னைக்கு ஓவியப் போட்டியான்னு நினைக்காதீங்க. பகல்ல வேலைக்குப் போயிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல பிரஷ் எடுக்கிறவங்க நம்மில் நிறைய பேர். போனைத் திறந்தா "ஓவியப் போட்டி, நுழைவுக் கட்டணம் 499 மட்டும், முதல் பரிசு அரை லட்சம்"னு விளம்பரம் வருது. எப்படி வரையணும்னு சொல்ல எனக்குத் தகுதி இல்ல. அனுப்புறதுக்கு முன்னாடி என்ன கணக்குப் போடணும்னு சொல்ல முடியும். ஏன்னா அந்தக் கணக்குல நான் ஒரு தடவை தோத்திருக்கேன்.

பதினோராவது வரி

சி.ஏ. ஆர்டிகிள்ஷிப் பண்ணிட்டு இருந்த காலம். வாழப்பாடியில எங்க வீட்டு வாசல்ல அம்மாயி பாக்கு உரிச்சுட்டு இருப்பாங்க. அதை வாட்டர்கலர்ல வரைஞ்சு ஒரு போட்டிக்கு அனுப்பினேன். இரண்டாம் பரிசு, 5,000 ரூபாய். என் மாச ஸ்டைபண்டை விட அது அதிகம். வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம்.

படம் திரும்பி வரல. அடுத்த வருஷம் ஒரு டீக்கடைல மாட்டியிருந்த காலண்டர்ல அம்மாயி உட்கார்ந்திருந்தாங்க. கீழே என் பேர் இல்ல, கம்பெனி விளம்பரம்தான் இருந்துச்சு. போட்டி நடத்தினவங்ககிட்ட போய்க் கேட்டேன். அவங்க கோபப்படவே இல்ல. நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து பதினோராவது வரியைக் காட்டினாங்க. "அனுப்பப்படும் படைப்புகளும் அவற்றின் முழு உரிமையும் அமைப்பாளரையே சேரும்." பரிசுத் தொகை இருந்த வரியை நாலு தடவை படிச்ச நான், இந்த வரியை ஒரு தடவைகூடப் படிக்கல.

அவங்க யாருன்னு வேண்டாம். தப்பு என்னோடது. அம்மாயி இப்ப இல்ல. அந்த ஒரிஜினலும் என்கிட்ட இல்ல.

அதனால இந்தப் பதிவுல சொல்ல வர்றது ஒண்ணுதான். வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டரை எப்படி வரி வரியாப் படிப்பீங்களோ, போட்டி விதிமுறையையும் அப்படிப் படிங்க. மூணு இடத்துல நின்னு படிக்கணும்: கட்டணம், உரிமை, வரி.

1. கட்டணம்: யாரோட பணத்துல பரிசு?

முதல்ல உங்க செலவு. உதாரணத்துக்கு நுழைவுக் கட்டணம் 500, கேன்வாஸும் பெயிண்டும் 1,200, ஃபிரேம் 1,500, உடையாம பேக் பண்ணி சென்னைக்குக் கூரியர் 800. மொத்தம் 4,000 ரூபாய். வருஷத்துக்கு ஆறு போட்டின்னா 24,000. அதாவது மாசம் 2,000 ரூபாய், ஒரு எஸ்.ஐ.பி. தொகை.

செலவு பண்ணாதீங்கன்னு சொல்லல. பிடிச்ச விஷயத்துக்குச் செலவு பண்ணத்தானே சம்பாதிக்கிறோம்? ஆனா பட்ஜெட்ல "ஓவியம்"னு ஒரு தலைப்புப் போட்டு அதுக்குள்ள பண்ணுங்க. "ஜெயிச்சா திரும்பி வந்துடும்"னு கிரெடிட் கார்டைத் தேய்க்காதீங்க.

அடுத்து அமைப்பாளரோட கணக்கு. ஆயிரம் பேர் ஆளுக்கு 500 கட்டினா 5 லட்சம். மொத்தப் பரிசுத் தொகை 50,000-ன்னா மீதி எங்க போகுது? கண்காட்சி, ஹால் வாடகை, நடுவர் சம்பளம்னு பதில் இருந்தா சரி. நடுவர் பேரும் இல்ல, கண்காட்சியும் இல்ல, கலந்துக்கிற எல்லாருக்கும் இ-சர்டிஃபிகேட்னா, அது கட்டணம் வசூலிக்கிற வியாபாரம். அங்க வாடிக்கையாளர் நீங்கதான்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க, டிராஃபி அனுப்ப 1,200 கட்டுங்க"ன்னு மெசேஜ் வந்தா அங்கேயே நிறுத்துங்க. பரிசுப் பணம் அனுப்பறோம்னு லிங்க் கொடுத்து யு.பி.ஐ. பின் நம்பர் போடச் சொன்னா அது மோசடி. பணம் வாங்க பின் தேவையே இல்ல, கொடுக்கத்தான் தேவை.

கட்டணம் கொடுக்காமலே போகக்கூடிய வழியும் இருக்கு. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கு சேலத்துல மண்டல மையம் இருக்கு. மாவட்டக் கலை மன்றம் மூலமா வயது வாரியா விருது கொடுக்கிறாங்க: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச்சுடர்மணி. உங்கள்ல பலர் வளர்மணி வயசுதான். இது ஒரே படத்தை வெச்சு நடக்கிற போட்டி இல்ல. விண்ணப்பத்தோட நீங்க இதுவரை செஞ்சதுக்கான சான்றுகளைக் காட்டணும். அதனால சின்னப் பள்ளிக்கூடப் போட்டி சர்டிஃபிகேட்டைக்கூட ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

2. உரிமை: குத்தகையா, கிரயமா?

எங்க ஊர்ல பாக்குத் தோப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு இது சட்டென்று புரியும். தோப்பை ஒரு வருஷக் காய்க்குக் குத்தகைக்கு விடுறது வேற, நிலத்தையே கிரயம் எழுதிக் கொடுக்கிறது வேற. குத்தகை முடிஞ்சா தோப்பு நம்மகிட்ட வந்துடும். கிரயம் போனா போனதுதான்.

ஓவியத்துலயும் அப்படித்தான். படத்தை வரைஞ்சவருக்கே முதல்ல பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் இதைச் சொல்லுது. "போட்டி விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்திக்க அனுமதிக்கிறேன்"னு இருந்தா அது குத்தகை மாதிரி. தாராளமா கையெழுத்துப் போடலாம். "முழு உரிமையும் அமைப்பாளருக்கே"ன்னு இருந்தா அது கிரயம். அதுவும் "அனுப்பும் எல்லாப் படைப்புகளும்"னு இருந்தா, தோத்தவங்க படமும் சேர்ந்தே போகுது. பரிசே இல்லாம கிரயம்!

சட்டத்துல நமக்குச் சில பாதுகாப்பு இருக்கு:

- உரிமை மாற்றம் எழுத்துல, கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும்.
- எத்தனை வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்தான். எந்த இடம்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான்.
- உரிமையைக் கொடுத்த பிறகும் 57-வது பிரிவு படி "இது என் படைப்பு"ன்னு சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்க பேருக்குக் களங்கம் வர்ற மாதிரி படத்தைச் சிதைச்சா எதிர்க்கவும் முடியும்.

கடைசியா சொன்னது வெறும் ஏட்டுச் சட்டம் இல்ல. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல கழட்டிப் போட்டுட்டாங்க. அவர் வழக்குப் போட்டார். 2005-ல டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்த பாகங்களை அவர்கிட்டயே கொடுக்கணும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரணும்னு அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. ஆனா எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாருங்க. கோர்ட்டுக்குப் போறதை விட படிவத்தைப் படிக்கிறது சுலபம்.

முழு உரிமையும் கொடுக்கிறது எப்பவுமே தப்பா? இல்ல. வாழப்பாடியிலிருந்து ஆத்தூர், சின்னசேலம் தாண்டி அதே ரோட்டுல போனா கள்ளக்குறிச்சி. அந்த ஊர்ல பிறந்த உதயகுமார் வரைஞ்சதுதான் நாம தினமும் டைப் பண்ற ரூபாய்ச் சின்னம். 2009-ல மத்திய அரசு போட்டி அறிவிச்சுது. மூவாயிரத்துக்கும் மேல டிசைன்கள் வந்துச்சு. கடைசிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேருக்குத் தலா 25,000, ஜெயிச்சவருக்கு 2.5 லட்சம். அந்தப் பரிசுக்கு அவர் டிசைனோட பதிப்புரிமையை அரசுக்குக் கொடுக்கணும். 2010 ஜூலை 15 அன்னைக்கு அமைச்சரவை அதை ஏத்துக்கிச்சு. ஒரு நாட்டோட சின்னம் தனி ஆள்கிட்ட இருக்க முடியாது, அதனால அந்தக் கிரயத்துல நியாயம் இருக்கு. என்ன கொடுக்கிறோம், எதுக்குக் கொடுக்கிறோம், என்ன விலைக்குங்கிறதெல்லாம் தெளிவு. நான் 5,000 ரூபாய்க்குக் கொடுத்ததுல அந்தத் தெளிவு இல்ல.

ஒரு எச்சரிக்கை: நீங்க டிசைனராவே வேலை பார்க்கிறீங்கன்னா, ஆபீஸ் வேலையா வரைஞ்சதுக்கு வேற ஒப்பந்தம் இல்லாதவரை நிறுவனம்தான் முதல் உரிமையாளர். அதைப் போட்டிக்கு அனுப்பாதீங்க. சொந்த நேரத்துல, சொந்தக் கணினியில வரைஞ்சதை அனுப்புங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயும் இதைப் பத்தி ஒரு வரி இருக்கான்னு பாருங்க.

3. வரி: பரிசு வேற, லாட்டரி வேற

"பரிசுதானே, வரி எதுக்கு?"ன்னு கேட்பீங்க. இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போச்சு, அதுவும் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துலிருந்து. ஜி.ஆர்.கார்த்திகேயன்ங்கிறவர் அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலியில கலந்துக்கிட்டு மொத்தம் 22,000 ரூபாய் பரிசு வாங்கினார். 1974-75 மதிப்பீட்டு ஆண்டு. வரி உண்டுன்னு வருமான வரித்துறை சொல்ல, இல்லைன்னு உயர் நீதிமன்றம் சொல்ல, 1993-ல உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிச்சு: இது அவரோட திறமைக்கும் உழைப்புக்கும் கிடைச்ச பலன். லாட்டரி, சூதாட்டத்தைச் சொல்ற உட்பிரிவுல வராட்டியும் இது வருமானம்தான்.

இதுல நமக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, பரிசுக்கு வரி உண்டு, மறைக்காதீங்க. ரெண்டு, திறமைக்குக் கிடைக்கிற பரிசும் லாட்டரியும் ஒண்ணு இல்ல.

ரெண்டாவதுலதான் பணமே இருக்கு. லாட்டரி, சீட்டாட்டம், டிவி கேம் ஷோ மாதிரி வெற்றிகளுக்கு 115பிபி பிரிவு, நேரடியா 30 சதவீதம். பரிசு 10,000-க்கு மேல போனா கொடுக்கும்போதே 194பி பிரிவுல டி.டி.எஸ். பிடிப்பாங்க. நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடுற ஓவியப் போட்டி இதுல வராது, "இதர வருமானம்"னு ஸ்லாப்படிதான் வரி வரணும்ங்கிறது என் தொழில்முறைக் கருத்து. ஆனா பல அமைப்பாளர்கள் பாதுகாப்புக்காக 194பி-ல பிடிச்சுடுறாங்க.

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை, வருஷச் சம்பளம் 6 லட்சம், பரிசு 50,000-ன்னு வைங்க.

- ஸ்லாப்படி: நிலையான கழிவு 75,000 போக மொத்தம் 5.75 லட்சம். 12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால 87ஏ தள்ளுபடி கிடைக்கும். வரி பூஜ்ஜியம்.
- லாட்டரி மாதிரின்னா: 50,000-க்கு 30 சதவீதம் 15,000, செஸ் 600. மொத்தம் 15,600. இந்த வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது, பெயிண்ட் செலவையும் கழிக்க முடியாது.

ஒரே பரிசு, 15,600 ரூபாய் வித்தியாசம். 194பி-ல பிடிச்சுட்டா அது உங்க 26ஏஎஸ்-ல அப்படியே பதிவாகும். அப்புறம் ரிட்டர்ன்ல ஸ்லாப்படி காட்டினா பொருந்தலைன்னு நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு. அதனால பரிசு வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. பிடிச்சுட்டாங்கன்னா ஃபார்ம் 16ஏ வாங்கிக்கிட்டு, ரிட்டர்ன் போடுறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட போட்டி விதிமுறையையும் சேர்த்துக் காட்டுங்க.

அரசு பொது நலன் கருதி நிறுவிய விருதுன்னா 10(17ஏ) பிரிவுல முழு விலக்கு. விருது உத்தரவை பத்திரமா வைங்க. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். மேல சொன்ன பிரிவு எண்கள் அதுக்கு முந்தைய சட்டத்தோடது, ஆனா கேட்க வேண்டிய கேள்வி மாறாது.

அனுப்புறதுக்கு முன்னாடி இந்த மெசேஜை அனுப்புங்க

அப்படியே காப்பி பண்ணிக்கலாம்:

"வணக்கம். தங்கள் ஓவியப் போட்டியில் கலந்துகொள்ள விரும்புகிறேன். 1) நடுவர்கள் யார்? 2) பரிசு பெறாத படைப்பின் உரிமையும் ஒரிஜினலும் எனக்கே திரும்ப வருமா? 3) பரிசு பெற்ற படத்தை எதற்கு, எத்தனை காலம் பயன்படுத்துவீர்கள், என் பெயர் இடம்பெறுமா? 4) பரிசுத் தொகையில் வரி பிடித்தால் எந்தப் பிரிவில்? பதிலை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

நேர்மையா நடத்துறவங்க சந்தோஷமா பதில் சொல்வாங்க. "இவ்ளோ கேள்வியா?"ன்னு எரிச்சல்பட்டா அதுவும் ஒரு பதில்தான்.

அனுப்புற அன்னைக்கே படத்தை நல்ல வெளிச்சத்துல, பெரிய ரெசல்யூஷன்ல போட்டோ எடுத்து, விதிமுறைத் தாளோட ஒரே ஃபோல்டர்ல போட்டுடுங்க. என்கிட்ட இருக்கிறது அந்தக் காலண்டர்ல இருந்து கிழிச்சு எடுத்த ஒரு தாள் மட்டும்தான், மார்ச் மாசம். அதை ஃபிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கேன். கிளையன்ட் யாராவது படிக்காம கையெழுத்துப் போடப் போனா, முதல்ல அதைத்தான் காட்டுவேன்.

நல்லா வரைங்க, தாராளமா கலந்துக்கோங்க, பதினோராவது வரியையும் படிங்க. வரைஞ்ச படத்தை விக்கிறவங்களுக்கான வருமான வரிக் கணக்கை அடுத்த வீடியோல பார்ப்போம்.