கொள்ளைநோய்க் காலத்தில் கோடை முகாம்: வெயிலும் ஆகாது... அடைத்த அறையும் ஆகாது!

‘‘லீவு விட்டாச்சு. இந்த வாண்டுகளை வச்சுக்கிட்டு எப்படித்தான் ஓட்டப் போறேனோ!’’

கோடை விடுமுறை வந்துவிட்டால் அருப்புக்கோட்டையில் வீட்டுக்கு வீடு கேட்கிற புலம்பல் இது. அதற்கு மருந்தாகத் தெருவுக்குத் தெரு ‘சம்மர் கேம்ப்’ நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஓவியம், செஸ், யோகா, சிலம்பம், கையெழுத்துப் பயிற்சி... நல்ல விஷயம்தான். ஆனால், ஒரு தொற்றுநோய் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது இருபது முப்பது பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டலாமா? கூட்டினால் எப்படிப் பத்திரமாக வீடு சேர்ப்பது?

‘அதுதான் கொரோனா முடிந்துவிட்டதே’ என்பீர்கள். அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5-ம் தேதி. கிருமி எங்கேயும் போய்விடவில்லை. ஃப்ளூ வருகிறது, அம்மை வருகிறது, நாளைக்குப் புதிதாக ஒன்றும் வரலாம். ஆகவே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் ஒரு சம்பவம்.

2022 மே மாதம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் முகாம். முப்பத்தைந்து பிள்ளைகள். காலை 10 மணி முதல் 1 மணி வரை. கைப்பிடிச் சுவரில் பிள்ளைகள் ஏறிவிடக் கூடாது என்று சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நோய்க்குப் பயந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ‘மாஸ்க்’. ஓடி விளையாடும்போதும் கழற்றக் கூடாது என்று கண்டிப்பு. பன்னிரண்டு மணி வாக்கில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தான். யாரோ ‘‘கொரோனா!’’ என்று கத்த, அத்தனை பேரும் பின்வாங்கி விட்டார்கள். பெரியவர்கள் உட்பட! பேத்தியைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு ஆச்சிதான், ‘‘அட பாவிகளா, பிள்ளை கெடக்கான்ல!’’ என்று ஓடிப்போய் மடியில் போட்டு, மாஸ்க்கைக் கழற்றி, முந்தானையை நனைத்துத் துடைத்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டபோது நான் போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆயிற்று. தண்ணீர் ஊற்றி, விசிறி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான். பரிசோதனையில் கொரோனா இல்லை. வெயில் அடித்துப் போட்ட பிள்ளை அவன்.

நோய்க்குச் செய்த ஏற்பாடுதான் அவனைச் சாய்த்தது. நோய்ப் பயம்தான் கைகொடுக்க விடாமல் தடுத்தது.

நம் கரிசல் சீமையின் சிக்கலே இதுதான். காற்றில் பரவும் நோய்க்கு வெட்டவெளி நல்லது. அக்கினி நட்சத்திரத்தில் வெட்டவெளி ஆகாது. வெயிலுக்கு அறை நல்லது. மூச்சு தேங்குகிற அறை நோய்க்கு ஆகாது. குளிர்நாட்டில் எழுதிய யோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பலிக்கும்.

பேசாமல் ரத்து செய்துவிடலாமா?

சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல்! அந்த நாட்களில் என்னிடம் வந்த பிள்ளைகளில் தூக்கம் கெட்டவர்கள், செல்போனே கதியென்று கண் எரிந்தவர்கள், ஊதிப் பெருத்தவர்கள், பேச்சே குறைந்து போனவர்கள் எத்தனையோ பேர். பிள்ளையை வீட்டிலேயே பூட்டி வைப்பதும் ஒரு வியாதிதான்.

2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அந்தந்தக் குடியிருப்பிலேயே ஒரு தன்னார்வலர். அவரிடம் இருபது பிள்ளைகளுக்குள். படிப்பு ஈடுகட்டத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு வைத்தியன் பார்வையில் அதன் அமைப்பு எனக்குப் பிடித்தது. அதே தெரு, அதே ஆசிரியை, அதே பிள்ளைகள், கொஞ்ச நேரம். யார் யாரோடு பழகினார்கள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் நடந்த இரண்டு கதை

2020 கோடையில் அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் பிள்ளைகள் தங்கும் முகாம் ஒன்று நடந்தது. எல்லோரும் வருவதற்கு முந்தைய 12 நாட்களுக்குள் பரிசோதனை செய்து, ‘தொற்று இல்லை’ என்ற சான்றோடுதான் வந்தார்கள். ஜூன் 21-ல் பிள்ளைகள் வந்தார்கள். முந்தைய நாள் மாலை குளிர் நடுக்கம் கண்ட ஓர் இளவயது ஊழியர் 23-ம் தேதி முகாமை விட்டுக் கிளம்பினார். மறுநாள் தொற்று உறுதியானது. 27-ல் முகாமையே மூடினார்கள். வந்திருந்த அந்த மாநிலத்துக்காரர்கள் 597 பேரில் 344 பேருடைய பரிசோதனை முடிவு கிடைத்தது. அதில் 260 பேருக்கு நோய்! என்ன செய்தார்கள் என்று பார்த்தால், பிள்ளைகளுக்கு மாஸ்க் கட்டாயமில்லை. தங்கும் அறைகளில் ஜன்னல் கதவைத் திறக்கவில்லை. தினமும் எல்லோரும் சேர்ந்து உரக்கப் பாட்டும் கூச்சலும்.

அதே கோடையில் மெயின் மாநிலத்தில் நான்கு முகாம்கள். 41 மாநிலங்களிலிருந்து 1,022 பேர். வருவதற்கு முன்னும் பரிசோதனை, வந்த சில நாளிலும் பரிசோதனை. சிறு சிறு குழுவாகப் பிரித்து, முதல் 14 நாள் ஒரு குழு இன்னொரு குழுவோடு கலக்கவிடவில்லை. வந்த பிறகு மூன்று பேருக்குத் தொற்று தெரிந்தது. உடனே தனிமை, அவர்கள் குழுவுக்கும் தனிமை. அங்கிருந்து வேறு ஒருவருக்குக் கூடப் பரவவில்லை.

நம் முகாமில் பிள்ளைகள் தங்குவதில்லை, மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தூங்கும் அறை இல்லாதது ஒரு லாபம். ஆனால் இருபது பிள்ளை என்றால் தினமும் இருபது வீடு கலக்கிறது. அந்த வீடுகளில் சர்க்கரை நோய் உள்ள தாத்தா இருப்பார், ஆஸ்துமா ஆச்சி இருப்பார். பிள்ளைக்கு ஒரு நாள் மூக்கு ஒழுகுவதோடு போய்விடும். ஆச்சிக்கு அப்படிப் போகாது.

இந்தக் குழு விஷயம் நமக்குப் புதிதல்ல. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவோமே, அதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை உண்டா? ‘உள்ளே வராதே’ என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் புரியும். ஆனால் ஒரு குறை. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒட்டத் தொடங்கிவிடும். வேப்பிலை ஏறும்போது விளையாட்டுத் தோழனுக்குப் போயிருக்கும். கொரோனாவும் அந்த ரகம்தான். அதனால்தான் நோய் தெரிவதற்கு முன்பே குழுவைச் சிறிதாக, மாறாததாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எட்டு, பத்துப் பிள்ளைகள் ஒரு குழு. பல்லாங்குழியோ பரமபதமோ, ஒரு குழுவின் சாமான் இன்னொரு குழுவுக்குப் போகக் கூடாது. புளியங்கொட்டைக்கா பஞ்சம் நம் ஊரில்?

இடம், நேரம்... இதில்தான் எல்லாம் இருக்கிறது

காலை 6.30-க்குத் தொடங்கி 9 மணிக்கு முடித்துவிடுங்கள். ‘‘அவ்வளவு சீக்கிரம் எந்திரிக்க மாட்டான் டாக்டரய்யா’’ என்று ஒரு தாய் சொன்னார். ‘‘செல்போனை ராத்திரி ஒன்பதுக்குப் பிடுங்கி வை தாயி, எந்திரிப்பான்’’ என்றேன். மாலை முகாம் நடத்துகிறவர்கள் ஐந்து மணிக்குப் பிறகு வைக்கலாம். ஆனாலும் கரிசல் மண்ணும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை அப்போதுதான் கக்கும். காலைதான் என் கட்சி.

இடத்துக்கு வேப்பமரம், புளியமரம், அரசமரம் நல்லது. திருச்சுழிப் பக்கம் குண்டாற்றங்கரை ஓரம் சீமைக் கருவேலம் நிறைய நிற்கிறது. அதை நிழல் என்று நம்ப வேண்டாம். அடியில் முள், மேலே ஓட்டை. மரமில்லாத இடத்தில் மூன்று பக்கம் திறந்த மண்டபம், பள்ளி வராந்தா, தென்னங்கீற்றுப் பந்தல். தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் கூடவே கூடாது.

அறையில்தான் நடத்த வேண்டும் என்றால் ஒரு ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது என்று பாருங்கள். அங்கேயே சுழன்று நின்றால் பிள்ளைகளின் மூச்சும் அப்படித்தான் நிற்கும். எதிரெதிர் ஜன்னலைத் திறந்து, ஒரு மேஜை விசிறியை ஜன்னல் பக்கம் வெளியே பார்க்கத் திருப்பி வைத்தால் காற்று நகரும். ‘ஏ.சி. ஹால்’ என்று பெருமையாக நோட்டீஸ் போடுகிறார்கள். நம் ஊரில் சாதாரணமாக மாட்டுகிற ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிராக்கும். பாட்டு, கோஷம், கும்மி எல்லாம் மரத்தடிக்கு வெளியே போகட்டும்.

மாஸ்க் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். ஐந்து வயது வரை கட்டாயப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன. நம் மத்திய அரசும் 2022 ஜனவரியில் அதையே சொன்னது. ஆறிலிருந்து பதினொன்று வயதுக்குச் சரியாக அணியத் தெரிந்தால், பெரியவர் கண்காணிப்பில். பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போல. ஓடும்போது, குதிக்கும்போது கழற்றிவிட வேண்டும். வியர்வையில் நனைந்தால் மாற்ற, மடித்த துணி மாஸ்க் இரண்டு பையில் இருக்கட்டும்.

வாசலில் நெற்றிக்கு நேராகக் காட்டுகிற தெர்மாமீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வெயிலில் நடந்து வந்த நெற்றி சூடாகத்தான் காட்டும். பத்து நிமிடம் நிழலில் உட்கார வைத்துப் பிறகு பாருங்கள். அதைவிடப் பலன் தருவது ஒரு கேள்வி: ‘‘வீட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல் உண்டாம்மா?’’ உண்மையான பதில் வர வேண்டுமானால் நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்: ‘உடம்பு சரியில்லாமல் வராத நாளுக்குப் பணம் திருப்பித் தரப்படும்.’ கட்டிய காசு போய்விடுமே என்றுதான் பல வீடுகளில் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பிள்ளையை அனுப்பி வைக்கிறார்கள்.

தண்ணீர்

கை கழுவச் சொன்னால் நம் ஊரில் அடுத்த கேள்வி, ‘தண்ணிக்கு எங்கே போறது?’ குழாயைத் திறந்துவிட்டால் வீண்தான். ஒரு கேனில் சின்னக் குழாய் வைத்துத் தொங்கவிடுங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்கும்போது குழாயை மூடிவிட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை கால் லிட்டர் போதும். இருபது பிள்ளை, மூன்று தடவை என்றால் 15 லிட்டர், ஒரு பெரிய குடம். சானிடைசர் பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டுமிடத்தில் வைக்காதீர்கள். குடித்தால் ஆபத்து, தீப்பற்றும்.

குடிக்க அவரவர் வீட்டு பாட்டில். தீர்ந்தால் மண்பானையிலிருந்து ஒரு பெரியவர் நீண்ட அகப்பையால் ஊற்றட்டும். அரைமணிக்கு ஒரு தடவை எல்லோரும் குடிக்க வேண்டும், தாகம் எடுக்காவிட்டாலும். நீர்மோர், நன்னாரி, நுங்கு எல்லாம் தரலாம். ஒரே டம்ளர் மட்டும் கூடாது. எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. சிறுநீரைப் பார்ப்பது அதில் ஒன்று. தாய்மார்கள் பிள்ளையிடம் கேளுங்கள். மஞ்சள் கறுத்துப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

கபசுரக் குடிநீர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2020-ல் அரசே வழங்கிய மருந்து. நானும் தருகிறேன். ஆனால் சித்த மருத்துவன் என்கிற முறையிலேயே சொல்கிறேன், முகாமில் வரிசையாக நிறுத்தி ஊற்றாதீர்கள். பதினைந்து சரக்கில் சுக்கும் திப்பிலியும் அக்கரகாரமும் இருக்கின்றன. சின்ன உடம்புக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘குடிநீர் குடித்தாச்சு, இனி ஒன்றும் வராது’ என்ற தைரியம் அதைவிடக் கெடுதல். கூட்டமாக ஆவி பிடிப்பதும் வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்தால் பிள்ளைகள் வெந்து போவார்கள். ஒருவர் மூச்சு இன்னொருவருக்கும் போகும்.

விழுந்தால் என்ன செய்வது?

வெயிலில் விளையாடிய பிள்ளைக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு என்றால் முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள். நிழலில் படுக்க வைத்து, மாஸ்க்கைக் கழற்றி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். நினைவோடு இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளை உளறினால், மயங்கினால், வலிப்பு வந்தால், உடம்பு அனலாகக் கொதித்தால் உடனே 108. வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது. தொடுவதற்குப் பயமாக இருந்தால் நீங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு தொடுங்கள்.

இருமல், தொண்டை வலியோடு காய்ச்சல் என்றால் தனியாக, காற்றோட்டமான இடத்தில் ஒரு பெரியவரோடு உட்கார வைத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். தொற்று உறுதியானால் அந்தக் குழு முழுக்க வீட்டில். மற்ற பெற்றோருக்கு அன்றைக்கே போன். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, விஷயத்தைச் சொன்னால் போதும். இரண்டு குழுவில் வந்துவிட்டால் முகாமை மூடிவிடுவதே உத்தமம். சாதாரணக் காய்ச்சல் பிள்ளை, மாத்திரை இல்லாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சலின்றி இருந்தால் திரும்பி வரலாம். அம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டிய பிறகு.

அந்தத் தகரக் கொட்டகை முகாம் மறுவருஷம் ஊருணிக் கரை வேப்பமரத்தடிக்கு இடம் மாறியது. இருபது பிள்ளைகள், இரண்டு குழு, ஒன்பது மணிக்கு விசில். 2022-ல் விழுந்த பையனும் வந்திருந்தான். தண்ணீர்ப் பானைக்கு அவன்தான் பொறுப்பு. அரைமணிக்கு ஒரு தடவை, ‘‘எல்லாரும் குடிங்கடா’’ என்று அவன் போடுகிற அதட்டல் தெருமுனை வரை கேட்டது.