கோல் மாறினால் ஒலி மாறும்



திருநாட் பவனியின் முன்னே பான்ட் வாத்தியம் முழங்கிச் செல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே வாத்தியங்கள், அதே வாசிப்போர். ஆயினும் நடத்துநர் மாறியதும் ஒலி வேறாகிவிடுகிறது. தாம் ஒரு சத்தமும் எழுப்பாத ஒருவர் வெறுங் கையசைவால் இதனைச் செய்வது எப்படி? இவ்வாரம் இதனை ஆராய்வோம்.

பித்தளை வாத்தியக் குழுக்கள் செழித்து வளர்ந்த இடம் வட இங்கிலாந்தின் ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களுமாகும். போட்டிக்குரிய குழுவிலே ஊதுவோர் 25 பேர். அவர்களுள் 10 பேர் கொர்னெட் வாசிப்போர். போட்டி நடுவர்கள் திரையிட்ட கூண்டினுள் அமர்ந்திருப்பார்கள். வாசிப்பது எந்தக் குழு, நடத்துவது யார் என்று அவர்கள் காண்பதில்லை; ஒலி ஒன்றே சாட்சி.

அந்த ஒலியை நடத்துநர் மாற்றும் வழிகள் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, மூச்சு. முதலடிக்கு முன் அவர் கை மேலெழும் விதத்தைப் பார்த்தே அனைவரும் மூச்செடுக்கிறார்கள். கை வெடுக்கென எழுந்தால் ஒலி வெட்டித் தொடங்கும். அமைதியாக எழுந்தால் மெல்ல மலரும்.

இரண்டாவது, அளவு. பித்தளை வாத்தியத்தைப் பலமாக ஊதும்போது சத்தம் கூடுவதோடு, உயர்ந்த துணைச்சுரங்களும் மிகுந்து ஒலி கூர்மையாகிறது. எனவே "இன்னும் மெதுவாக" என்று கேட்கும் நடத்துநர் ஒலியின் நிறத்தையே மாற்றுகிறார்.

மூன்றாவது, சமநிலை. ஒருவர் கொர்னெட்டை முன்னிறுத்துவார், குழு பளபளக்கும். இன்னொருவர் அடித்தள வாத்தியங்களின் மேல் மற்றவற்றைக் கட்டியெழுப்புவார். குழு ஆழ்ந்து ஒலிக்கும்.

இதற்கோர் உதாரணம், யோர்க்சயரில் 1917இல் தோன்றிய கிறைம்தோர்ப் சுரங்கக் குழு. ஜோர்ஜ் தொம்சன் நெடுங்காலம் பயிற்றுவித்த இக்குழு போட்டி மேடைகளில் பெயர் பெற்றிருந்தது. 1972இல் எல்கார் ஹோவாத் வந்தார். இவர் பித்தளைக் குழுச் சூழலிலே வளர்ந்து, பின்னர் இலண்டன் இசைக்குழுக்களில் ட்றம்பெற் வாசித்தவர். அடுத்த ஆண்டிலேயே ஹரிசன் பேட்விசில் என்னும் நவீன இசையமைப்பாளர் இக்குழுவுக்கென்று ஓர் இசையை ஆக்கினார். அணிநடையும் இனிய மெட்டும் பழகிய காதுகளுக்கு அது இருண்டு கனத்த, புதிதான ஒலி. வாசித்தவர்களோ அதே சுரங்க ஊரின் குழுவினர்!

1992 அக்டோபரில், 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கிறைம்தோர்ப்பும் அவற்றுள் ஒன்று. அதே மாதம் பிராங்க் ரென்ரனின் கோலின் கீழ், இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் இக்குழு தேசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. குழுவோ இன்றும் இருக்கிறது.

இதிலே நமக்கொரு பாடம் உண்டு. பங்கின் பாடகர் குழுவுக்குப் புதியவர் பொறுப்பேற்றதும், "முன்னவர் காலத்தில் இப்படியில்லை" என்று முணுமுணுத்து ஒதுங்குவோர் பலர். அப்படி ஒதுங்கியதால் கலைந்துபோன குழுக்களும் உண்டு. கோல் மாறுவது குழுவின் முடிவல்ல. வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுவதே முடிவு.

கோல் பிடிப்பவருக்கும் பாடம் உண்டு. அவர் கோலுக்குக் குரலில்லை. பிறருடைய மூச்சே அவருடைய இசை. புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 14ஆம் அதிகாரத்தில், தெளிவற்று ஒலிக்கும் எக்காளம் எவரையும் ஆயத்தப்படுத்தாது என்று எச்சரிக்கிறார்.

பெற்றோரே, வீட்டிலே கோல் உங்கள் கையில். நீங்கள் கடுகடுத்தால் பிள்ளைகளின் குரலும் கூர்மையாகும். நீங்கள் அமைதியாக மூச்செடுத்தால் அவர்களும் அவ்வாறே தொடங்குவர். இன்றிரவு குடும்பச் செபமாலைக்கு முழந்தாட்படியிடுமுன், முதல் மூச்சை எப்படி எடுக்கிறோம் என்று சற்றே கவனிப்போமாக.