பேசப் போகிற பிள்ளைகளுக்கு

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு ஜெப வாரம். இந்த வருஷம் நம் சி.எஸ்.ஐ. சபையின் வாலிபர் சங்கப் பிள்ளைகள் முதல்முறையாக ஆர்.சி. கோயிலுக்கும் பெந்தெகொஸ்தே சபைக்கும் போய்ப் பேசப் போகிறீர்கள். நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவன் என்ற உரிமையில் சில காரியங்களைச் சொல்கிறேன்.

1. முதலில் அவர்கள் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நம் பவுலை ஆர்.சி. வீட்டுப் பாட்டிமார் சின்னப்பர் என்பார்கள். பேதுரு இராயப்பர், யோவான் அருளப்பர். சொல் மட்டுமல்ல, எண்ணும் மாறும். நமக்கு விபசாரம் பற்றியது ஏழாம் கட்டளை. கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் அது ஆறாவது. விக்கிரகத்தைப் பற்றிய கட்டளையை அவர்கள் முதலாவதோடு சேர்த்து எண்ணி, இச்சையைப் பற்றியதைக் கடைசியில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். இது தெரியாமல், "ஒரு கட்டளையையே எடுத்துவிட்டார்கள்" என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது அபாண்டம்.

2. எதிரே இருப்பவர் விசுவாசத்தை அவரே "ஆமாம், இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி சொல்லிக் காட்டுங்கள். அதுவரை மறுத்துப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. "மாதாவை ஆராதிக்கிறார்கள்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கு வணக்கம் என்பது அவர்கள் போதனை. அதைக் கேட்ட பிறகு, உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். பெந்தெகொஸ்தே சகோதரரிடம் "மறு ஞானஸ்நானம்" என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். குழந்தையில் கொடுத்ததை அவர் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. அவர் கணக்கில் வளர்ந்தபின் கொடுப்பதுதான் முதல். அந்த ஒரு வார்த்தையிலேயே நீங்கள் தீர்ப்பை எழுதிவிடுகிறீர்கள்.

3. சாவு வீட்டில் வாதம் கூடவே கூடாது. என் பெரியம்மாவை ஆர்.சி. குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெரியப்பா இறந்த அன்று, தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மரித்தவர்களுக்காக ஜெபிக்க வேதத்தில் இடமில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த மணியை அவள் அதற்கு மேல் நகர்த்தவில்லை. மாலையை மெதுவாக முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் சாகும்வரை என் கண் முன்னால் அது வெளியே வரவே இல்லை. அன்று நான் சொன்னதைத்தான் இன்றும் விசுவாசிக்கிறேன். ஆனாலும் நான் செய்தது பாவம்.

4. பழைய சண்டைகளையும் படியுங்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். பிறகு லுத்தரன்களை மறுத்து கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். அந்த இரண்டு தரப்பாரின் வழிவந்தவர்கள் 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தமிழிலும் கத்தோலிக்க, புரொட்டஸ்டண்ட் அறிஞர்கள் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. அந்தத் திருவிவிலியத்தை ஒரு பிரதி கையோடு கொண்டுபோங்கள்.

5. அவசரப்படாதீர்கள். நம் சி.எஸ்.ஐ. உருவாகத் தரங்கம்பாடியில் 1919இல் பேச்சு தொடங்கியது. சபைகள் ஒன்றானது 1947 செப்டம்பர் 27. பேராயர் பதவி வேண்டுமா, பழைய குருமாரை எப்படி ஏற்பது என்று இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து பேசினார்கள். முன்னின்று உழைத்த வெள்ளாளன்விளைக்காரர் பேராயர் அசரியா 1945இலேயே கண்மூடிவிட்டார்.

6. பூசைக்குப் போனால் நற்கருணை வாங்க எழுந்து போகாதீர்கள். மற்ற சபையாருக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை என்பது அவர்கள் சபை ஒழுங்கு. வரிசை உங்களைத் தாண்டிப் போகும்போது மனசு வலிக்கும். ஒன்றுமில்லை என்று அதை மூடி மறைக்க வேண்டாம். பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், "உங்களோடு அந்தப் பந்தியில் உட்கார முடியாதது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது, சாமி" என்று சொல்லுங்கள். அவருக்கும் அந்த வருத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.