முதுகு வளையும் முன்பே பார்ப்போம்



கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப் சுரங்கம் 2001-இல் மூடப்படும் வரை, பாறை சரியாமல் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். வைத்தியம் படித்தவன் அல்லன். என் பேத்திக்காக மருத்துவர்களிடம் கேட்டுக் கற்றதை நம் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

என் மகளைத் தங்கை மகனுக்கே கொடுத்தோம். சொந்தம் விட்டுப் போகக் கூடாதென்று நிச்சயித்தவன் நானே. பேத்தி உட்கார்ந்தாள்; எழுந்து நிற்கவில்லை. கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் இப்படி என்று அக்கம்பக்கத்தார் என் மகளைப் பேசினார்கள். சிலர் சயனைடு மண்மேட்டைக் காரணம் காட்டினார்கள். ரயிலேறிப் பெங்களூர் போய் இரத்தப் பரிசோதனை செய்த பிறகே எஸ்.எம்.ஏ. என்று தெரிந்தது.

நோய் என்ன?

ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்பதன் சுருக்கம் அது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் முதுகுத்தண்டில் உள்ளன. அவற்றைக் காக்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணு பழுதானால் அவை அழிந்து, தசை மெலிகிறது. அறிவுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால்தான் இந்நோய் வரும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் மணந்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்நியத்தில் மணந்தோருக்கும் வரலாம். ஆகவே தாயை மட்டும் பழிப்பது அறியாமை.

முதுகு ஏன் வளைகிறது?

நட்ட கம்பத்தைக் கயிறுகள் நாற்புறமும் இழுத்துப் பிடிப்பதுபோல் தசைகள் முதுகெலும்பைப் பிடித்துள்ளன. கயிறு தளர்ந்தால் கம்பம் சாயும். உட்கார முடிந்தும் நடக்க முடியாத எஸ்.எம்.ஏ. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்த வளைவு வருகிறது. வளைவு மிகுந்தால் நுரையீரல் விரிய இடமின்றி மூச்சும் குறையும்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

மாதம் ஒருமுறை குழந்தையைச் சட்டையின்றி உட்கார வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு தோள் உயர்ந்துள்ளதா? ஒருபக்க விலா புடைத்துள்ளதா? இடுப்பு சாய்ந்துள்ளதா? கையை ஊன்றாமல் உட்கார முடிகிறதா? ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். 10 பாகைக்கு மேற்பட்டால் அது ஸ்கோலியோசிஸ். 20 பாகையைத் தாண்டினால் வளர்ச்சி முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பெல்ட் நிமிர்ந்து உட்கார உதவும், வளைவை நீக்காது. 50 பாகையை எட்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். சிறு குழந்தைகளுக்கு, வளர வளர நீட்டக்கூடிய கம்பிகளும் உண்டு.

எண்ணெய் தடவி அழுத்தி உருவாதீர்கள். இக்குழந்தைகளின் எலும்பு மெலிந்தது, முறியக்கூடும்.

எங்கே போவது?

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின்கீழ் அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களுள், பெங்களூர் இந்திரா காந்தி மருத்துவமனையுடன் இணைந்த மனித மரபியல் மையமும் ஒன்று. அடுத்த குழந்தைக்கு முன்பும், குடும்பத்தில் மற்றவர்களின் திருமணத்துக்கு முன்பும் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

பேத்தியின் தோள் சாய்ந்ததை முதலில் கண்டவள் என் மகள். "வளர்ந்தால் நேராகும்" என்று ஒருவர் சொன்னதை நம்பி ஓராண்டு காத்திருக்கச் சொன்னவன் நான். பாறை விரிசல் விடும்வரை முட்டுக் கொடுக்காமல் இருந்ததில்லை. வீட்டில் அதை மறந்தேன். இன்று அவள் பெல்ட் அணிந்து பள்ளியில் நிமிர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். அந்த ஓராண்டை நான் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.