ஒன்றை இரண்டாகக் காட்டும் கல்

தாளில் ஒரு புள்ளி இட்டு, அதன்மேல் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தால் ஒரு புள்ளியே தெரியும். அவ்விடத்தில் ஐஸ்லாந்துப் படிகத்தை வைத்தால் இரு புள்ளிகள் தெரியும். படிகத்தை மெல்லச் சுழற்றினால், ஒரு புள்ளி அசையாது நிற்கும். மற்றொன்று அதனைச் சுற்றி வரும்!

இப்படிகம் கால்சைட்டு என்னும் கனிமத்தின் தெளிந்த வகையாகும். சுண்ணாம்புக் கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட்டே இதிலும் உள்ளது. எனினும், மாசும் விரிசலும் அற்ற பெரிய படிகம் அரிது. கிழக்கு ஐஸ்லாந்தின் ஹெல்குஸ்தாதிர் சுரங்கம் இதற்குப் புகழ்பெற்றது. இதன் கடினத்தன்மை மோ அளவுகோலில் 3 ஆகும். நகத்தால் கீறல் விழாது. கத்தி முனையால் எளிதில் விழும். உடைத்தால், ஒவ்வொரு துண்டும் சாய்ந்த பெட்டி வடிவிலேயே பிளவுபடும். நீர்த்த அமிலம் பட்டால் நுரைக்கும்.

டென்மார்க்கு அறிஞர் பார்த்தோலின் 1669ஆம் ஆண்டில் இவ்விரட்டைத் தோற்றத்தை விரிவாக எழுதினார். 1690இல் வெளியான தம் நூலில் ஹைகன்ஸ், ஒளி அலையாகப் பரவுகிறது என்றும், படிகத்தினுள் அது இரு கதிர்களாகப் பிரிகிறது என்றும் விளக்கினார். ஒரு கதிரின் ஒளிவிலகல் எண் 1.658, மற்றதன் எண் திசைக்கேற்ப மாறி 1.486 வரை குறையும். இதுவே இரட்டை ஒளிவிலகல்.

ஆயினும், இரு படிகங்களை அடுத்தடுத்து வைத்தபோது எழுந்த புதிருக்கு ஹைகன்ஸாலும் விடைகாண இயலவில்லை. அதனை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். 1808இல் பாரிசு நகரில் மாலுஸ், அரண்மனைச் சாளரத்தில் பட்டுத் தெறித்த கதிரவன் ஒளியைப் படிகத்தின் வழியே நோக்கினார். படிகத்தைச் சுழற்றியபோது, பிம்பங்களின் ஒளி மாறி மாறிக் கூடிக் குறைந்தது. ஒளியின் தளவிளைவு இவ்வாறு அறியப்பட்டது. 1828இல் நிக்கோல் இப்படிகத்தால் அமைத்த பட்டகம், பாறைகளை ஆராயும் நுண்ணோக்கிகளில் பயன்பட்டது.

இன்று அச்சுரங்கம் பாதுகாக்கப்பட்ட இடம். அங்கிருந்து கல் எடுத்தல் கூடாது. விளங்காததை விளங்கவில்லை என்று எழுதிவைத்த நேர்மை, பின்வந்தோர்க்கு வழிகாட்டியது.

சொற்பொருள்
மாசு – அழுக்கு, குறை
சாளரம் – சன்னல்
பிம்பம் – உருத்தோற்றம்

பயிற்சி
1. கோடிட்ட இடத்தை நிரப்புக: இப்படிகத்தின் கடினத்தன்மை ______ ஆகும்.
2. பிரித்து எழுதுக: இப்படிகம், அச்சுரங்கம்.
3. படிகத்தைச் சுழற்றும்போது இரு புள்ளிகளும் எவ்வாறு தோன்றும்?
4. ஹைகன்ஸின் நேர்மை பின்வந்தோர்க்கு எவ்வாறு உதவியது? உம் சொற்களில் எழுதுக.